‘உடனே அழித்துவிடுங்கள்’ என்ற அறிவுரை குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வைரஸ் தடுப்பு மென்பொருள் எந்தக் கோப்பைச் சுட்டிக்காட்டினாலும் அதை உடனே அழித்துவிட வேண்டும் என்று தங்கள் இதழின் கணினிக் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகருக்குப் பதில் அளிக்கப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாக அலுவலகக் கணினிகளைப் பராமரித்து வருபவன் என்ற முறையில், அந்தப் பதிலை நம்பி நடப்பவர்கள் இக்கட்டில் மாட்டிக்கொள்ளக்கூடும் என்று அஞ்சியே இதை எழுதுகிறேன்.

இத்தகைய மென்பொருள் ஒரு கோப்பின் மீது இரண்டு விதமாகக் குற்றம் சாட்டுகிறது. ஏற்கெனவே ஆராய்ந்து பதிவு செய்யப்பட்ட தீநிரலின், அதாவது கணினிக்குத் தீங்கு செய்யும் நிரலின், அடையாளம் அப்படியே பொருந்திப்போவது ஒன்று. கோப்பின் அமைப்போ நடத்தையோ தீநிரல்களை ஒத்திருப்பதாகக் கணிப்பது மற்றொன்று. எச்சரிக்கையில் காட்டப்படும் பெயரில் ‘ஜெனரிக்’, ‘ஹியூர்’ போன்ற சொற்கள் இருந்தால், அது பெரும்பாலும் இரண்டாவது வகையாகவே இருக்கும். சிறு குழுவினர் எழுதிய, பயன்படுத்துவோர் குறைவாக உள்ள, அளவைக் குறைப்பதற்காகச் சுருக்கிப் பொதியப்பட்ட நிரல்கள் இந்தக் கணிப்பில் அடிக்கடி அநியாயமாகச் சிக்குகின்றன. முதல் வகையிலும் பிழை நேராமல் இல்லை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி என்ற தடுப்பு மென்பொருள் நிறுவனம் வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பான ‘எஸ்விசிஹோஸ்ட்’டையே வைரஸ் என்று தவறாக அடையாளம் கண்டது, உலகெங்கும் ஏராளமான கணினிகள் வலையமைப்புத் தொடர்பை இழந்து, திரும்பத் திரும்பத் தாமாகவே அணைந்து எழுந்தன.

நான் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில், சம்பளக் கணக்கு நிரலின் ஒரு கோப்பு மாதக் கடைசி நாளில் இப்படிச் சுட்டப்பட்டது. பதறிப்போன ஊழியர் அதை நிரந்தரமாக அழித்துவிட்டார். நிரல் திறக்கவே மறுத்தது. அதை எழுதியவரைத் தேடிப்பிடித்து மறுபடி நிறுவி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. கோப்பு குற்றமற்றது என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. அழிப்பதற்குப் பதிலாகத் தனிமைப்படுத்தி வைத்திருந்தால், அதாவது ‘குவாரன்டைன்’ செய்திருந்தால், ஒரு நிமிடத்தில் மீட்டிருக்கலாம். தனிமைப்படுத்தப்பட்ட கோப்பு இயங்க முடியாது. ஆகவே நிதானமாக விசாரிக்க நமக்கு நேரம் கிடைக்கிறது.

விசாரணையில் நான் முதலில் பார்ப்பது கோப்பு இருக்கும் இடத்தை. மேற்சொன்ன எஸ்விசிஹோஸ்ட், விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ‘சிஸ்டம்32’இல் இருக்க வேண்டியது. ஒருமுறை அதே பெயர் தற்காலிகக் கோப்புகளுக்கான ‘டெம்ப்’ கோப்புறையில் இயங்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. உற்றுப் பார்த்தபோது ஆங்கில எழுத்துகளில் இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறியிருந்தன (‘svchost’ என்பதற்குப் பதில் ‘scvhost’). அவசரத்தில் படிக்கும் எந்தக் கண்ணும் ஏமாந்துபோகும் மாற்றம் அது. கோப்பின் பின்னொட்டையும் காட்டும்படி விண்டோஸில் அமைத்துக்கொள்வது நல்லது. ‘பிடிஎஃப்’ என்று தெரிகிற பெயருக்குப் பின்னால், இயங்கும் நிரலைக் குறிக்கும் ‘இஎக்ஸ்இ’ ஒளிந்திருப்பதை வேறு எப்படிக் காண்பது?

அடுத்தது டிஜிட்டல் கையொப்பம். கோப்பின் ‘ப்ராபர்ட்டீஸ்’ பக்கத்தில், அதை வெளியிட்டவர் பெயரும் கையொப்பம் செல்லுமா என்பதும் தெரியும். கையொப்பம் இல்லை என்பதாலேயே கோப்பு போலியாகிவிடாது. கையொப்பமிடத் தேவையான சான்றிதழுக்கான செலவை ஏற்க முடியாத எளிய நிரலாளர்கள் பலர் உண்டு. கையொப்பம் இருப்பதாலேயே நம்பிவிடவும் கூடாது. கணினியில் தேவையற்ற கோப்புகளைத் துப்புரவு செய்யும் நிரலான சிகிளீனரின், 2017 ஆகஸ்டில் வெளியான 5.33 பதிப்பில், தயாரித்த நிறுவனத்தின் செல்லுபடியாகும் கையொப்பத்துடனேயே தீநிரல் புகுத்தப்பட்டிருந்தது. சுமார் 22 லட்சத்து 70 ஆயிரம் பேர் அதை நிறுவியிருந்தனர்.

இந்தக் கோப்பைப் பற்றி மற்றவர்கள் அறிந்திருப்பதைக் கேட்கவும் வழி உண்டு. 2012 முதல் கூகுளின் வசம் உள்ள வைரஸ்டோட்டல் என்ற இணையதளம், எழுபதுக்கும் மேற்பட்ட தடுப்பு மென்பொருள்களின் முடிவுகளை ஒரே பக்கத்தில் காட்டுகிறது. ஆனால் அங்கே ஏற்றப்படும் கோப்பு, பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் கட்டணச் சந்தாதாரர்களுக்கும் கிடைக்கக்கூடியது என்பதைப் பலர் அறிவதில்லை. அலுவலக ஆவணங்களையும் சொந்த விவரங்கள் அடங்கிய கோப்புகளையும் ஏற்றவே கூடாது. விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் ‘கெட்-ஃபைல்ஹாஷ்’ என்ற கட்டளையைக் கொடுத்தால், அந்தக் கோப்புக்கே உரிய 64 இலக்கங்கள் கொண்ட ஷா-256 குறியீடு கிடைக்கும். அதை மட்டும் அங்கே தேடினால் போதும். தயாரிப்பாளர் தம் தளத்தில் வெளியிட்டுள்ள குறியீட்டோடும் ஒப்பிடலாம். குறியீட்டில் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் அது வேறு கோப்பு.

அங்கே வரும் எண்ணிக்கையை வாக்கெடுப்பாகக் கொள்ளக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரே ஆய்வுப் பொறியை உரிமம் பெற்றுப் பல நிறுவனங்கள் பயன்படுத்துவதால், ஒருவரின் பிழை ஐந்தாறு பெயர்களில் எதிரொலிக்கலாம். நேற்றுப் பிறந்த தீநிரலை ஒருவருமே கண்டுகொள்ளாமலும் இருக்கலாம். அதனால்தான், எங்கிருந்து, எதற்காக இந்தக் கோப்பு வந்தது என்பதை எண்ணிக்கையைவிட நான் பெரிதாக மதிக்கிறேன். கேளாமல் மின்னஞ்சலில் வந்த கோப்பு, ‘தடுப்பு மென்பொருளை அணைத்துவிட்டு நிறுவுங்கள்’ என்று சொல்லி ஒருவர் தரும் கோப்பு, விலை கொடுத்து வாங்க வேண்டியதை இலவசமாக்கும் ‘கிராக்’ கோப்பு ஆகியவற்றை, எல்லாப் பொறிகளும் பச்சைக்கொடி காட்டினாலும் நான் திறப்பதில்லை. இவற்றைப் பொறுத்தவரை தங்கள் பகுதியின் அறிவுரை முற்றிலும் சரி.

எனவே, ‘முதலில் தனிமைப்படுத்துங்கள், பிறகு விசாரியுங்கள், ஐயம் தீராவிட்டால் உங்கள் தடுப்பு மென்பொருளின் நிறுவனத்துக்கே கோப்பை மறு ஆய்வுக்கு அனுப்புங்கள்’ என்ற திருத்தத்தை அடுத்த இதழில், அதே பகுதியிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புப் பணியில் உள்ள ஒரு வாசகன்