பாப்பாவின் குடும்ப மரம்

அன்புள்ள கண்ணனுக்கு,

அம்மா எழுதுவது. பள்ளிக்கூடத்துக்குப் பாப்பா வரைந்த குடும்ப மரம் போனில் வந்தது. எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. 'கசின்' என்றால் யார் யார் என்று கேட்டிருந்தாளாம். நீ சரியாகச் சொல்லிக் கொடு.

மூலச் சொல் லத்தீன் 'கான்சோப்ரினஸ்'. சகோதரியைக் குறிக்கும் 'சோரோர்' அதற்குள் இருக்கிறது. ஆகவே முதலில் பெரியம்மா, சித்தி பிள்ளைகளுக்கு மட்டும்தான் அந்தச் சொல். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைக்கு 'பட்ருவேலிஸ்', அத்தை பிள்ளைக்கு 'அமிட்டினஸ்' என்று ரோமாபுரியில் தனித்தனியாக வைத்திருந்தார்கள். 'அங்கிள்' என்பதன் மூலமும் தாய்மாமனை மட்டும் குறித்ததுதான். பேச்சு வழக்கில் எல்லாம் ஒன்றாகக் கலந்து பிரெஞ்சுக்குப் போய், 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆங்கிலத்துக்கு வந்தது.

கணக்கு இப்படி. இருவருக்கும் பொதுவான மூத்தவரைப் பிடி. இருவரும் அவருக்குப் பேரப்பிள்ளைகள் என்றால் ஃபர்ஸ்ட் கசின். இருவரும் கொள்ளுப்பேரர்கள் என்றால் செகண்ட். ஒருவர் பேரன், மற்றவர் கொள்ளுப்பேத்தி என்றால் ஃபர்ஸ்ட் கசின், ஒன்ஸ் ரிமூவ்ட். 'ரிமூவ்ட்' என்றால் ஒதுக்கிவிட்டது என்று அர்த்தமில்லை, ஒரு தலைமுறை தள்ளி, அவ்வளவுதான். கசினுடைய பிள்ளையைச் செகண்ட் கசின் என்று எழுதிவிடுவார்கள். பாப்பா அந்தத் தப்பைச் செய்ய வேண்டாம்.

அந்தக் கணக்குப்படி வடக்குத் தெரு அண்ணன் பாப்பாவுக்கு ஃபர்ஸ்ட் கசின், ஒன்ஸ் ரிமூவ்ட். தமிழில் பெரியப்பா. படத்தில் அவனுக்குக் கட்டம் இல்லை. தாளில் இடம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பாப்பாவுக்குச் சளி விடும்வரை மிளகு ரசம் வை. குளிரில் காதை மூடச் சொல். அண்ணனுக்குக் கால் புண் ஆறிவிட்டது. நீ விசாரித்தாய் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். காதை மூடாமல் வெளியே விடாதே.

பாகம் பிரித்த வருஷம் வரை உனக்கு அவன் அண்ணன்தான். 'பெரியப்பா மகன்' என்று முதலில் சொன்னது நீ இல்லை. பத்திரம் எழுதும்போது, உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான்தான் சொன்னேன். மறுநாளிலிருந்து நீயும் அப்படியே சொன்னாய். வகுப்பில் ஓர் எழுத்துப் பிழையை விடாதவள், அதைத் திருத்தாமல் விட்டேன்.

படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். தாத்தாவுக்கு இடப்பக்கம் இரண்டு விரல் அகலம் இருக்கிறது. அங்கே பெரிய தாத்தா, அவருக்குக் கீழே பெரியப்பா. முதலில் பென்சிலால் போடச் சொல்.

அம்மா