சினை மீனுக்குக் காவல்

ஆப்பிள்டன், விஸ்கான்சின்
மே 4

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். நீங்கள் இருவரும், தம்பியும், அப்பத்தாவும் நலம்தானே? போன வாரம் போனில் "ராத்திரி முழுக்க ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தேன்" என்று சொன்னதும் அம்மா பதறிப்போய், "வேலைக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டீர்கள். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. காகித ஆலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் லைன் போய்விட்டது. இது போனில் அவசரமாகச் சொல்லும் விஷயமும் இல்லை. அதனால் எழுதுகிறேன். தம்பியை நிதானமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அங்கே ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கியிருக்கும். படகு கரையில் நிற்கும், அப்பா மல்லிப்பட்டினம் துறைமுகத்து நிழலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருப்பீர்கள். அதே நாட்களில்தான் இங்கேயும் மீன் முட்டை விட ஆற்றில் ஏறி வருகிறது. அந்த மீனுக்குக் காவல் இருக்கத்தான் நான் போயிருந்தேன்.

ஆப்பிள்டனுக்குத் தெற்கே வின்னபேகோ என்று ஓர் ஏரி. 557 சதுர கிலோமீட்டர். நின்று பார்த்தால் மறுகரை மங்கலாகத்தான் தெரியும். ஆனால் எங்கே அளந்தாலும் மூன்றரை பாகத்துக்கு, அதாவது இருபத்தோரு அடிக்கு மேல் ஆழம் கிடையாது, நம் பாக் விரிகுடா மாதிரி. ஜனவரியில் ஏரி முழுவதும் உறைந்துவிடும். அதன்மேல் காரும் லாரியும் போகும். சொன்னால் அப்பத்தா நம்பமாட்டார், படம் அனுப்புகிறேன். கிறிஸ்துமஸ் முடிந்து வீட்டில் வேண்டாம் என்று போட்ட மரங்களை மீன்பிடி கிளப்காரர்கள் சேகரித்து, பனிக்கட்டியில் நட்டுப் பாதைக்கு அடையாளம் வைக்கிறார்கள். பனிக்கட்டி வெடித்த இடத்தில் பாலம் போடுவதும் அவர்கள்தான். ஆளுக்கு ஒரு வேலை வைத்திருப்பவர்கள், சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள்.

என்னை அங்கே கூட்டிப்போனவர் எங்கள் ஷிப்ட் ஃபோர்மேன். அறுபதை நெருங்குகிறவர். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் இந்த ஊர் வழக்கம். எனக்கு இன்னும் வாய் வரவில்லை, மனதுக்குள் பெரியப்பா என்றே சொல்லிக்கொள்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் எங்கள் இடைவேளைப் பேச்சில் நீங்கள் கடலுக்குப் போகிறவர் என்று சொன்னேன். அன்றிலிருந்து அவர் என்னைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது.

மீனின் பெயர் ஸ்டர்ஜன். நம் பக்கம் கிடையாது. செதில் இல்லை. அதற்குப் பதிலாக உடம்பு நெடுக ஐந்து வரிசையில் எலும்புக் கேடயம் மாதிரித் தகடுகள். வால் சுறா வால் போலவே இருக்கும். மூக்குக்கு அடியில் நான்கு மீசை, அதற்குப் பின்னால் பல்லில்லாத வாய். அந்த வாயைக் குழாய் போல நீட்டி அடிச் சேற்றில் இருக்கும் புழுவை உறிஞ்சித் தின்னும். 2010-ல் இந்த ஏரியில் 212 பவுண்டு மீன் ஒன்று கிடைத்தது, நம் கணக்கில் 96 கிலோ. பெண் மீன் நூறு வயதைத் தாண்டியும் உயிரோடு இருக்கும். ஆனால் முதல் சினை பிடிக்கவே இருபது, இருபத்தைந்து வருடம் ஆகும். அதற்குப் பிறகும் வருடா வருடம் பிடிக்காது, மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான். எனக்கு இப்போது 27 வயது. நான் பிறந்த வருடத்தில் பொரித்த மீன் இப்போதுதான் முதல் முறையாக முட்டை விட வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். நம் மத்தி ஒரு வருடத்தில் சினையாகிவிடும். போன வருடம் அழிந்ததை இந்த வருடம் ஈடுகட்டலாம். இந்த மீனில் அது நடக்காது.

நூற்றைம்பது வருடத்துக்கு முன் இந்தப் பெரிய ஏரிகளில் எல்லாம் வலையைக் கிழிக்கும் சனியன் என்று இதைப் பிடித்துக் கரையில் போட்டு அழுக விட்டிருக்கிறார்கள். விறகுக்குப் பதிலாக நீராவிக் கப்பலில் எரித்தும் இருக்கிறார்கள். அப்புறம் அதன் சினைக்கும் புகைபோட்ட இறைச்சிக்கும் விலை வந்தது. மிச்சமும் போயிற்று. இந்த மாநிலத்தில் 1915-ல் ஸ்டர்ஜன் பிடிக்கவே தடை போட்டார்கள். 1930-களின் தொடக்கத்தில்தான் வின்னபேகோவில் ஈட்டியால் குத்த மறுபடி அனுமதித்தார்கள்.

அந்த ஈட்டிப் பருவத்தையும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை தொடங்கும், அதிகம் போனால் 16 நாள். பனிக்கட்டியைக் கட்டில் அகலத்துக்கு அறுத்து, அதன்மேல் ஜன்னல் இல்லாத சின்னக் கொட்டகையை இழுத்து வைக்கிறார்கள். உள்ளே விளக்கு கிடையாது. கதவைச் சாத்தியதும் கண்ணுக்குக் கீழே தண்ணீர் மட்டும் பச்சையாக ஒளிர்கிறது. மரத்தில் செதுக்கி வண்ணம் அடித்த பொம்மை மீன் ஒன்றை நூலில் தொங்கவிட்டு, கையில் ஈட்டியோடு காத்திருக்க வேண்டும். ஃபோர்மேன் பெரியவரோடு ஐந்து மணி நேரம் உட்கார்ந்தேன். ஒரு நிழல்கூடப் போகவில்லை. அவர் கடைசியாக மீன் எடுத்து ஒன்பது வருடம் ஆகிறதாம். ஒருவருக்கு வருடத்துக்கு ஒரே மீன், பிற்பகல் ஒரு மணிக்கு மேல் குத்தக் கூடாது, எடுத்த மீனை அன்றைக்கே கொண்டுபோய்ப் பதிவு செய்ய வேண்டும். ஆண் எத்தனை, முட்டை விடும் பருவத்துப் பெண் எத்தனை, இளம் பெண் எத்தனை என்று தனித்தனி வரம்பு. அதில் ஒன்று நிறைந்தாலும் பருவத்தை முடித்துவிடுவார்கள். இறைச்சியையோ முட்டையையோ விற்பது குற்றம்.

இப்படிக் குத்துகிறவர்கள்தான் ஏப்ரலில் அதே மீனுக்குக் காவலும் இருக்கிறார்கள். முதலில் எனக்கு அது ஒப்பவில்லை. பெரியவரிடம் கேட்டே விட்டேன். "மீன் குறைந்தால் முதலில் யாருக்குத் தெரியும்?" என்று திருப்பிக் கேட்டார். அப்பா, நீங்கள் தடைக்காலக் கூட்டத்தில் அதிகாரிகளிடம் சொன்ன அதே வார்த்தை.

1977-ல் பில் காஸ்பர் என்பவர் தன்னைப் போன்ற ஈட்டிக்காரர்கள் சிலரைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். ஸ்டர்ஜன் ஃபார் டுமாரோ என்று பெயர், நாளைக்கும் ஸ்டர்ஜன் என்று அர்த்தம். இந்த மீனைத் தொட்டியில் பொரிக்க வைக்க முடியுமா என்று பார்ப்பதற்குப் பணம் திரட்டுவதுதான் முதல் வேலை. விருந்து வைத்தும் குலுக்கல் சீட்டு விற்றும் இதுவரை பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்த்து, மீன் ஆராய்ச்சிக்கும் பாதுகாப்புக்கும் கொடுத்திருக்கிறார்கள். காவல் இருக்கும் தொண்டர்களுக்குச் சாப்பாடு போடுவதும் அந்தச் சங்கம்தான்.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

உல்ஃப் என்று ஓர் ஆறு வடக்கிலிருந்து ஏரிக்கு வருகிறது. பனி உருகி, தண்ணீரின் வெப்பம் ஒரு பதத்துக்கு, பதினொன்று பன்னிரண்டு டிகிரிக்கு ஏறியதும் மீன் கரையோரக் கற்களுக்கு வந்துவிடும். நாள் குறித்துச் சொல்ல முடியாது, முதல் மீன் தெரிந்ததும் போன் வரும். எங்களுக்கு மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை காவல். பெரியவரும் நானும். இரண்டு மடக்கு நாற்காலி, ஒரு ஃபிளாஸ்க் காபி, ஒரு போன். யாராவது திருட்டுத்தனமாக வந்தால் நாம் கை வைக்கக் கூடாது, மீன் திருட்டைப் பிடிக்கும் அரசு அதிகாரியான வார்டனைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆள் உட்கார்ந்திருப்பது தெரிந்தாலே திருடுகிறவன் வரமாட்டான்.

முதலில் ஆண் மீன்கள் வந்தன. டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்துப் பார்த்தேன். கரைக் கல்லுக்கும் எனக்கும் இரண்டு முழம்கூட இல்லை, அங்கே முதுகு தண்ணீருக்கு வெளியே தெரிய ஆறேழு மீன் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றும் தம்பி உயரம். என்னைப் பார்த்து ஓடவில்லை. குனிந்தால் தொட்டுவிடலாம், தொடக் கூடாது. நடுராத்திரிக்கு மேல் அவற்றைவிடப் பெரியதாக ஒன்று கீழிருந்து மெதுவாக எழும்பி வந்தது. பெரியவர் என் முழங்கையைப் பிடித்து, "பெண்" என்றார். அடுத்த நொடியே ஆண் மீன்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வாலால் அடிக்கத் தொடங்கின. தண்ணீருக்குள் தவிலை வைத்து வாசித்த மாதிரி ஒரு சத்தம். நான் கால் வைத்திருந்த கல்லே அதிர்ந்தது. நாலைந்து நொடிதான், அப்புறம் அமைதி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. விடியும்வரை இப்படியே. விடிந்ததும் பார்த்தால் கற்களின் இடுக்கில் ஊறப்போடாத ஜவ்வரிசி அளவில் கறுப்பு முட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு பெண் மீன் லட்சக்கணக்கில் விடுமாம். பெரும்பகுதியை மற்ற மீன்கள் தின்றுவிடும்.

நாங்கள் ஏன் அங்கே உட்கார வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. ஏரியில் குத்த ஒன்பது வருடம் காத்திருக்க வைக்கிற மீன், இங்கே தானாக வந்து கைக்கெட்டும் தூரத்தில் படுத்துக்கொள்கிறது. சினைக்குக் கள்ளச்சந்தையில் விலை இருக்கிறது. கொக்கியோடு ஓர் ஆள் ஒரு ராத்திரி வந்து போனால், அவன் எடுத்ததைத் திரும்பக் கொண்டுவர இருபத்தைந்து வருடம் வேண்டும்.

அந்தக் கற்களும் இயற்கையாகக் கிடந்தவை இல்லை. ஆறு கரையை அரிக்கிறது என்று நிலத்துக்காரர்கள் கல் கொட்டினார்கள். மீன் அதைத் தேடி வந்து முட்டை விட்டது. அதைப் பார்த்த பிறகு முட்டையிடுவதற்கென்றே பல வளைவுகளில் கல் பாவினார்கள். கல் இடுக்கில் நீரோட்டம் இருப்பதால் முட்டைக்குக் காற்று கிடைக்கும், சேறு மூடாது.

இதே ஆற்றில் வால்ஐ என்று இன்னொரு மீன். அதற்குக் கல் வேண்டாம், வெள்ளம் ஏறிய புல்வெளி வேண்டும். குஞ்சு பொரித்ததும் அதன் வயிற்றில் மூன்று முதல் ஐந்து நாளைக்குத்தான் கரு உணவு. அதற்குள் ஓட்டம் அதை ஏரிக்கு இழுத்துப் போகவேண்டும். கரை கட்டி ஓட்டத்தை அடைத்துவிட்டால் அங்கேயே பட்டினியில் சாகும். அதற்கும் ஒரு சங்கம் இருக்கிறது. போன இலையுதிர் காலத்தில் அவர்களோடு ஒரு நாள் முழங்கால் சேற்றில் நின்று சம்பு வெட்டி வாய்க்கால் திறந்துவிட்டேன். அப்பத்தா சொல்லும் குடிமராமத்துதான், வேறொன்றுமில்லை.

மனதை உறுத்தியது ஒன்றுதான். ஆற்றின் மேல் பக்கம் மெனோமினி என்ற பூர்வகுடி மக்கள் இருக்கிறார்கள். குளிர்காலம் முடிந்து பசியோடு இருக்கும்போது வந்து சேரும் இந்த மீன் அவர்களுக்குத் தெய்வம் மாதிரி. ஷவானோ என்ற ஊரில் அணை கட்டிய பிறகு மீன் அவர்கள் கெஷேனா அருவிவரை போக முடியவில்லை. 2011 முதல் மீனை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் மேலே விடுகிறார்கள். வசந்தத்தில் அவர்கள் நடனமாடி விருந்து வைக்கிறார்கள். ஆனால் நடுவில் நூறு வருடம் போய்விட்டதே அப்பா.

அம்மாவுக்கு ஒரு செய்தி. பிப்ரவரியில் பெரியவரின் மருமகனுக்கு மீன் கிடைத்தது. எனக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். உள்ளே முள்ளே இல்லை, குருத்துதான், சுறா மாதிரி. அதனால் அவித்து உதிர்த்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் போட்டுச் சுறாப்புட்டு செய்தேன். பெரியவர் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள். அந்த அம்மா செய்முறையை எழுதி வாங்கிக்கொண்டார்.

இப்போது அப்பாவிடம் ஒரு வேண்டுகோள். நான் எட்டாவது படிக்கும்போது நம் வலையில் ஆவுளியா என்கிற கடல்பசு மாட்டியதே, அதைக் காவல் ராத்திரியில் பெரியவரிடம் சொன்னேன். சித்தப்பா தண்ணீரில் குதித்து அதன் மூக்கு மேலே இருக்கும்படி தாங்கிக்கொண்டதையும், நீங்கள் புது வலையை யோசிக்காமல் அறுத்ததையும் சொன்னேன். 2022-ல் நம் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அரசு கடல்பசுவுக்கென ஒதுக்கியதையும் சொன்னேன். அவர் வெகு நேரம் பேசவில்லை. மறுநாள் கிளப்பில் சொல்லிவிட்டார். அடுத்த மாதக் கூட்டத்தில் அதை நான் எழுந்து சொல்ல வேண்டுமாம்.

எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. எந்த மாதம், எத்தனை பாகத் தண்ணீர், வலையை எந்த இடத்தில் அறுத்தீர்கள், எவ்வளவு நேரம் ஆயிற்று, போகும்போது அது திரும்பிப் பார்த்ததாகச் சித்தப்பா சொல்வது உண்மையா, எல்லாவற்றையும் நீங்கள் சொல்லச் சொல்ல தம்பி எழுதட்டும். வலையின் அன்றைய விலையையும் மறக்காமல் போடச் சொல்லுங்கள், இவர்கள் அதைக் கட்டாயம் கேட்பார்கள். ஜூன் முதல் வாரத்துக்குள் வந்தால் போதும்.

உங்கள் அன்பு மகன்