டங்ஸ்டனை ஓரம் வைப்பதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். முகவரியும் நாட்குறிப்பும் எழுதி வைக்கும் உன் கையடக்கக் கருவி பாம் டங்ஸ்டன் ஈ-யில் சார்ஜ் அரை நாள்கூட நிற்கவில்லை என்று சொன்னாயே, அதைப் பற்றித்தான். புது ஸ்மார்ட்போன் வாங்கும் முடிவு சரி. 2003 அக்டோபரில் வந்த கருவி இத்தனை வருஷம் உழைத்ததே பெரிது. ஆனால் கடைக்குக் கிளம்புவதற்கு முன் இதை ஒருமுறை முழுக்கப் படித்துவிடு. போன் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் பரவாயில்லை. உள்ளே இருப்பதைச் சிந்தாமல் சிதறாமல் வெளியே எடுப்பதுதான் வேலையே. அதற்கு உனக்கு அதிக நாள் இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். பின்னால் வந்த டங்ஸ்டன் ஈ2, டிஎக்ஸ் போன்றவற்றில் ஃபிளாஷ் நினைவகம் உண்டு; பேட்டரி செத்தாலும் எழுதியது அழியாது. உன் கருவியில் முகவரி, நாட்குறிப்பு, மெமோ எல்லாம் ராம் நினைவகத்தில் இருக்கின்றன. பேட்டரி முழுக்க வற்றினால் ஸ்லேட்டைத் துடைத்த மாதிரி எல்லாம் போய்விடும். அரை நாள் சார்ஜ் நிற்கும் கருவியை வெள்ளிக்கிழமை மேசையில் போட்டுவிட்டுத் திங்கள்கிழமை எடுத்தால், முதல் நாள் திரையைக் காட்டும். அதனால் இப்போதே சார்ஜரில் மாட்டு. மாட்டும் முன் பக்கவாட்டில் பார். திரை ஓரம் தூக்கியிருந்தாலோ உடல் உப்பியிருந்தாலோ உள்ளே லித்தியம் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் சார்ஜ் போடாதே. இருக்கிற சார்ஜிலேயே அன்றைக்கே வேலையை முடி.

கேபிளில் மாட்டிக் கருவியையும் கணினியையும் ஒத்துப்போகச் செய்யும் ஹாட்சிங்க் பண்ணிக்கொள்ளலாம் என்று நினைப்பாய். உன் புது லேப்டாப் 64 பிட் விண்டோஸ். அதற்கான கணினி மென்பொருள் பாம் டெஸ்க்டாப் அதில் ஏறினாலும், பாம் கம்பெனி கொடுத்த யுஎஸ்பி டிரைவர் 64 பிட்டுக்கு வேலை செய்யாது. கேபிள் பழுதோ என்று தேடி அலையாதே. மருமகளின் மேக்கிலும் நடக்காது. பழைய ஹாட்சிங்க் மேனேஜர், பழைய மென்பொருளைப் புது மேக்கில் ஓட்டும் ரொசெட்டாவை நம்பி ஓடியது; 2011-ல் லயன் என்ற மேக் ஓஎஸ் வந்தபோதே ஆப்பிள் ரொசெட்டாவை எடுத்துவிட்டது. உன் பழைய விண்டோஸ் எக்ஸ்பி லேப்டாப் இன்னும் உயிரோடு இருந்தால் அதில் ஹாட்சிங்க் செய்யலாம். ஆனால் பொத்தானை அழுத்தும் முன் ஹாட்சிங்க் மேனேஜரில் 'கஸ்டம்' என்ற இடத்தைத் திறந்து, நாலு வரியிலும் 'சிங்க்ரனைஸ்' என்றே இருக்கிறதா பார். 'ஹேண்ட்ஹெல்ட் ஓவர்ரைட்ஸ் டெஸ்க்டாப்' என்று இருந்து, கருவி ஏற்கெனவே காலியாகியிருந்தால், கணினியில் இருக்கும் கடைசிப் பிரதியும் காலி. அதற்கும் முன்னால், பாம் ஃபோல்டருக்குள் உன் பெயரில் இருக்கும் ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவில் நகலெடு.

எக்ஸ்பி இல்லையென்றாலும் கவலைப்படாதே. உனக்கு நான் சொல்வது எஸ்டி கார்டு வழிதான், கேபிளே வேண்டாம். 2 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த பழைய எஸ்டி கார்டு ஒன்று தேடு. இப்போது கடையில் தொங்குகிற 32 ஜிபி கார்டெல்லாம் எஸ்டிஹெச்சி என்ற பிற்கால வகை. டங்ஸ்டன் அதை அறியாது. கார்டை ஃபேட் 16 முறையில் ஃபார்மேட் செய். அதில் 'பாம்' என்று ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர், அதற்குள் 'லாஞ்சர்' என்று இன்னொன்று. என்விபேக்கப் என்ற இலவச மென்பொருளின் பிஆர்சி கோப்பை (பாமில் ஓடும் மென்பொருள் இந்த வடிவத்தில்தான் வரும்) லாஞ்சருக்குள் போட்டுக் கார்டைக் கருவியில் செருகு. திரையில் அதன் படம் தானாக வந்து நிற்கும். தட்டித் திறந்து பேக்கப் கொடு. கார்டில் ஒரு ஃபோல்டர் முழுக்க, பாம் தன் தகவலைச் சேமிக்கும் பிடிபி கோப்புகள் வந்துவிடும். கார்டை எடுத்துக் கணினியில் போட்டு, இரண்டு இடத்தில் நகல் வைத்த பிறகு நீ மூச்சு விடலாம். அதற்கப்புறம் பேட்டரி செத்தாலும் நஷ்டமில்லை.

அந்தப் பிடிபி கோப்புகளைப் படிக்க ஜே-பைலட் என்ற இலவச மென்பொருள் போதும். லினக்ஸில் ஓடுவது, விண்டோஸுக்குள் ஒரு மெய்நிகர் லினக்ஸ் போட்டுக்கொண்டாலும் சரி. ஒருமுறை திறந்து மூடினால் உன் ஹோம் ஃபோல்டரில் புள்ளியோடு தொடங்கும் ஜேபைலட் ஃபோல்டர் உருவாகும். பிடிபி கோப்புகளை அதற்குள் போட்டுவிட்டு மறுபடி திற. இங்கேதான் பலர் பதறிப்போவார்கள்: பட்டியல் காலியாக இருக்கும், அல்லது அரதப் பழசாக இருக்கும். தகவல் போய்விடவில்லை. டங்ஸ்டன் ஈ, டி3 இரண்டும் வந்தபோது பாம் தன் முகவரி, நாட்குறிப்பு மென்பொருள்களை மாற்றியது. கோப்புப் பெயர்களும் மாறின. ஜே-பைலட் பழைய பெயரில் தேடிக்கொண்டிருக்கும். பிரிஃபரன்ஸஸில் காலண்டர், கான்டாக்ட்ஸ், மெமோஸ் ஆகியவற்றுக்கு 'பாம் ஓஎஸ் 5.2-க்கு மேல்' என்ற பெட்டியை டிக் செய்துவிட்டு, மூடித் திற.

அதே இடத்தில் எழுத்து முறை, அதாவது எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் விதம், என்று ஒன்று இருக்கும். பாம் 'விண்டோஸ்-1252' என்ற முறையில் எழுதும், உன் போன் 'யூடிஎஃப்-8' என்ற முறையில் படிக்கும். இரண்டையும் இணைக்கும் வரியைத் தேர்ந்தெடு. இல்லாவிட்டால் உங்கள் ஊர் சான் ஹோசேயை அந்த ஈ மேலே கோடு போட்டு எழுதிவைத்த முகவரியெல்லாம் கோணல் குறியாகிவிடும். ஊர்ப் பெயர் கெட்டால் கண்டுபிடித்துவிடலாம். ஆள் பெயர் கெட்டால் பிறகு தேடினால் கிடைக்காது.

இப்போது வெளியே எடு. முகவரிகளை விகார்டு கோப்பாக, நாட்குறிப்பை ஐகால் கோப்பாக (ஐசிஎஸ் என்பதும் இதுதான்), மெமோக்களை உரைக் கோப்பாக. எக்ஸ்பி வழியில் போனால் பாம் டெஸ்க்டாப் நாட்குறிப்பைப் பழைய விகால் வடிவத்தில்தான் தரும். கூகுள் காலண்டர் கேட்பது ஐசிஎஸ் அல்லது சிஎஸ்வி. எப்படிப் போனாலும் நாட்குறிப்புக்கு ஜே-பைலட்தான் சுலபம்.

ஏற்றுவதற்கு முன் ஒரு முக்கியமான வேலை. வங்கி எண், லாக்கர் எண், பாஸ்வேர்டு என்று மெமோவில் 'பிரைவேட்' போட்டு வைத்திருப்பாய். பாமில் பிரைவேட் என்பது பூட்டு இல்லை, திரைச்சீலை. அந்தக் குறிப்பு மறைத்துக் காட்டப்படுகிறதே தவிர கோப்புக்குள் வெறும் எழுத்தாகவே கிடக்கிறது. நீ எடுத்த உரைக் கோப்பில் எல்லாம் பளிச்சென்று இருக்கும். அவற்றைப் பிரித்து கீபாஸ் அல்லது பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்டு மேனேஜரில் ஏற்று. மீதியை மட்டும் கூகுளுக்குக் கொடு.

முகவரிகளில் எண்களைப் பார். இந்திய எண்களைப் பத்து இலக்கமாக மட்டும் எழுதியிருந்தால் முன்னால் +91 சேர். டங்ஸ்டனில் நீ கண்ணால் பார்த்து வேறு போனில் டயல் செய்தாய், அதனால் குறை தெரியவில்லை. வாட்ஸ்அப் அமெரிக்கப் போனில் உட்கார்ந்துகொண்டு, நாட்டுக் குறியில்லாத எண்ணை அமெரிக்க எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். அத்தையும் சித்தப்பாவும் வாட்ஸ்அப்பில் இல்லை என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். பாம் முகவரிப் பக்கத்தில் இருக்கும் 'கஸ்டம்' கட்டங்களில் எழுதியவை புது இடத்தில் குறிப்புக்குள் போய் ஒளியலாம், காணாமலும் போகலாம். பத்துப் பேரை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள். பாமில் தமிழ் எழுத வசதியில்லாததால் லட்சுமி என்ற பெயரையே மூன்று விதமாக ஆங்கிலத்தில் எழுதி வைத்திருப்பாய். இனிமேல் தமிழிலேயே எழுது. குச்சியால் எழுதிப் பழகிய கைக்கு கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழ்க் கையெழுத்து முறையும் இருக்கிறது.

கூகுள் கான்டாக்ட்ஸில் ஏற்றியது சரிவராவிட்டால் 30 நாளுக்குள் பழைய நிலைக்குத் திருப்பலாம். காலண்டரில் அந்தச் சலுகை இல்லை. அதனால் முதலில் 'டங்ஸ்டன்' என்று தனியாக ஒரு காலண்டர் உருவாக்கி அதற்குள் இறக்கு. கெட்டுப்போனால் அந்தக் காலண்டரையே அழித்துவிட்டு மறுபடி செய்யலாம். நேராக உன் காலண்டரில் கொட்டினால் ஆயிரம் குறிப்பையும் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியதுதான். இது கணினியில்தான் முடியும். போன் ஆப்பில் ஐசிஎஸ் ஏற்றும் வசதி இல்லை.

நேரம் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. பாம் நாட்குறிப்புக்கு ஊர் தெரியாது. காலை 9 என்றால் 9, நீ எங்கே இருந்தாலும். கூகுள் அப்படியில்லை, ஒவ்வொரு நேரத்தையும் ஒரு நேர மண்டலத்தோடு கட்டிவைக்கும். உன் கூகுள் கணக்கு இங்கே இருந்தபோது திறந்தது. அதில் இன்னும் கொல்கத்தா நேரம் இருந்தால், காலை 9 மணி மீட்டிங் கோடையில் முந்தைய நாள் இரவு 8.30-க்கு வந்து நிற்கும். நவம்பரில் அங்கே கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்ததும் அதுவே 7.30 ஆகும். ஏற்றும் முன் கணக்கின் நேரத்தையும் அந்தப் புதுக் காலண்டரின் நேரத்தையும் பசிபிக்குக்கு மாற்று. ஏற்றியபின் ஜூலையில் ஒரு வாரம், டிசம்பரில் ஒரு வாரம் திறந்து பார். வாராவாரம் வரும் குறிப்பில் நீ நடுவில் ஒரு வாரத்தை மட்டும் நீக்கியிருந்தால், அது மறுபடி முளைத்திருக்கிறதா என்றும் பார்.

அலாரம் வேறு. டங்ஸ்டன் நாட்குறிப்பில் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, மூன்று தடவை அடி என்று வைக்கலாம். போன் காலண்டர் ஒரே ஒரு 'டிங்' கொடுத்துவிட்டு மற்ற அறிவிப்புகளோடு கும்பலில் நின்றுவிடும்; 'தொந்தரவு வேண்டாம்' போட்டிருந்தால் அதுவும் இல்லை. குழந்தையின் மருந்து நேரம், விமான நேரம் இரண்டையும் காலண்டரை நம்பி விடாதே. கடிகார ஆப்பில் அலாரமாகவே வை.

செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலைச் சுமந்துகொண்டு போகாதே. முடிந்ததெல்லாம் தள்ளிவிட்டால் மிஞ்சுவது இருபது இருக்கும்; கையால் எழுதிக்கொள். கூகுள் டாஸ்க்ஸில் பாம் மாதிரி 1 முதல் 5 வரை முன்னுரிமை கிடையாது. அது இல்லாமல் முடியாது என்றால் டுடூயிஸ்ட் என்ற ஆப்பைப் பார், நாலு படி இருக்கிறது.

போனில் புது எண் சேமிக்கும்போது எங்கே சேமிக்கிறது என்று முதல் நாளே பார். 'டிவைஸ்', 'சிம்' என்று இருந்தால் கூகுள் கணக்குக்கு மாற்று. போன் உடைந்தால் அதில் இருப்பது அதோடு போகும். இன்னொன்று: சிங்க் வேறு, பேக்கப் வேறு. போனில் தவறி அழித்தால் கணக்கிலும் அழியும். கூகுள் டேக்அவுட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கான்டாக்ட்ஸையும் காலண்டரையும் இறக்கி உன் டிஸ்கில் வை.

முதல் பக்கத்தில் காலண்டர் விட்ஜெட்டைப் பெரிதாகப் போட்டுக்கொள். டங்ஸ்டனில் அணைந்திருக்கும்போதே காலண்டர் பொத்தானை அழுத்தினால் அன்றைய நாள் வந்துவிடும். பாமை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் செய்வதற்கு முன்பே ஒரு மரக்கட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்து, எத்தனை தட்டில் வேலை முடிய வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தீர்மானித்தவர். போனில் அந்த வேகம் தானாக வராது, நீதான் அமைத்துக்கொள்ள வேண்டும்.

டங்ஸ்டனை உடனே அழிக்காதே. ஒரு மாதம் இரண்டையும் வைத்துக்கொள். ஆனால் எழுதுவது போனில் மட்டும். இரண்டிலும் எழுதினால் எது புதிது என்று உனக்கே தெரியாது. மாதம் கழிந்ததும் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பின்னால் இருக்கும் ரீசெட் துளையில் ஒரு பேப்பர் கிளிப்பின் நுனியால் குத்தி எடு. பாம் எழுத்து வந்ததும் பவரை விடு. எல்லாம் அழிக்கவா என்று கேட்கும். மேல்நோக்கும் பொத்தானை அழுத்து. எஸ்டி கார்டை எடுத்துவிட்டாயா என்று பார்த்து, கருவியைப் பேட்டரி வாங்கும் மறுசுழற்சி மையத்தில் கொடு. குப்பைத் தொட்டியில் போடாதே.

கார்டு நகல் எடுத்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல். ஜே-பைலட்டில் எங்காவது நின்றால் திரையைப் படம் பிடித்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா