மழை நாளையும் கணக்கில் எழுதுங்கள் சாரே: குமரிப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சாலை, கலுங்கு (சாலைக்கு அடியில் தண்ணீர் போக விடுகிற சின்னப் பாலம்), பள்ளிக் கட்டடம், அங்கன்வாடி என்று குமரி மாவட்டத்தில் மண்ணைக் கொட்டி அதன்மேல் எதையாவது கட்டுவதற்கு எஸ்டிமேட் போடுகிற, தேதி குறிக்கிற, பில்லில் கையெழுத்துப் போடுகிற பொறியாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம் சாரே, வணக்கம் மேடம்.

நான் டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு இருபது வருஷமாகத் தக்கலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் சைட் சூப்பர்வைசராக அலைகிறவன். உங்களில் சிலருக்கு நான் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன், சிலரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். யாருடைய குற்றத்தையும் சந்தியில் போட்டு உடைக்க இதை எழுதவில்லை. உடைப்பதென்றால் முதலில் என் தலையைத்தான் உடைக்க வேண்டும், ஏனென்றால் இனி சொல்லப்போகிற காரியத்தில் அன்று குடையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

ஐப்பசி மாதம், விளவங்கோடு பக்கம் ஒரு கலுங்கு. கான்கிரீட் வேலை முடிந்துவிட்டது, இரண்டு பக்கமும் ஆறடி உயரத்துக்கு மண் நிரப்ப வேண்டும். துலாமழையின் குணம் உங்களுக்குத் தெரியும். காலையில் மண்டை பிளக்கும் வெயில், இரண்டு மணிக்கு மலைப்பக்கம் கறுக்கும், மூன்று மணிக்குக் கொட்டித் தீர்க்கும். டிப்பரில் வந்த செம்மண் கொட்டிய இடத்திலேயே நனைந்தது. மறுநாள் காலை மேலே ஒரு விரல் கனத்துக்குக் காய்ந்து வெளுத்திருந்தது, சரி, பரவாயில்லை என்று ரோலரை ஏற்றினோம். ரோலருக்கு முன்னால் மண் ஒரு சின்ன அலை மாதிரி எழுந்தது, உருளை கடந்துபோனதும் பின்னால் மெதுவாக உப்பி மறுபடியும் பழைய மட்டத்துக்கே வந்தது. பத்துத் தடவை ஓட்டினாலும் அதே கதைதான். ஆபரேட்டர் வயசான அண்ணன். வண்டியை நிறுத்திவிட்டு, "தம்பி, இது இறுகாது கேட்டியா, மாவு பெசஞ்சு வச்ச மாதிரி கெடக்கு" என்றார். வேலையை ஒப்படைக்க அப்போது பதினோரு நாள்தான் மிச்சம். நான் ஓட்டச் சொன்னேன். கடைசியில் மேலே இரண்டு லோடு காய்ந்த கிராவலைப் பரப்பி மூடினோம், பார்க்க அம்சமாக இருந்தது, சோதனையும் அந்த மேல் அடுக்கில்தான் நடந்தது, பில்லும் பாஸ் ஆனது.

அடுத்த ஆடிக்குள் கலுங்கின் இரண்டு ஓரமும் நாலு விரல் தாழ்ந்தது. அதற்கடுத்த வருஷம் அரைச் சாண். பைக்கில் ரப்பர் பால் கேன் வைத்துக்கொண்டு போகிறவர்கள் அந்த இடம் வந்ததும் ஒரு கையைப் பின்னால் நீட்டிக் கேனைப் பிடித்துக்கொள்வார்கள். பிடிக்க மறந்தவர்கள் கொட்டிய பால் தாரின்மேல் வெள்ளையாகக் காய்ந்து கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். இப்போதும் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் சுற்றுவழியில்தான் போகிறேன்.

இதற்குக் காரணம் உங்களுக்குப் பாடப்புத்தகத்திலேயே தெரியும், ஆனால் இந்த மடலை வார்டு உறுப்பினர்களும் வீடு கட்டுகிறவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நம் வீட்டில் புட்டுக்கு மாவு நனைக்கிறார்களே, அதுதான் விஷயம். தண்ணீர் குறைந்தால் மாவு உதிரும், கூடினால் கட்டிபிடிக்கும். கையில் அள்ளிப் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் அழுத்தினால் உடைய வேண்டும். மண்ணுக்கும் அப்படி ஒரு பதம் உண்டு. காய்ந்த மண்ணில் துகள்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகரமாட்டேன் என்று நிற்கும். கொஞ்சம் தண்ணீர் பட்டால் வழுக்கி இடைவெளிகளில் போய் உட்காரும், மண் நெருங்கும். அதற்குமேல் தண்ணீர் சேர்ந்தால் இடைவெளி முழுக்கத் தண்ணீரே நிற்கும், தண்ணீரை எந்த ரோலராலும் நசுக்க முடியாது. அப்போதுதான் அந்த அலை எழும்புகிறது. 1933இல் அமெரிக்காவில் அணை வேலை பார்த்த பிராக்டர் என்ற பொறியாளர் இதை ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார், இன்றைக்கும் லேபில் அவர் பெயரில்தான் சோதனை நடக்கிறது. எந்த அளவு ஈரத்தில் மண் மிக அதிகமாக இறுகும் என்று அது சொல்லிவிடும். நம் சாலை விதிகள் சாலைக்காக உயர்த்துகிற மண்கரைக்கு அந்த உச்ச இறுக்கத்தில் 95 சதவீதமும், ஜல்லிக்குக் கீழே வரும் மேல் அரை மீட்டருக்கு 97 சதவீதமும் கேட்கின்றன. ஈரம் பதத்திலிருந்து முன்னே பின்னே ஓரிரண்டு சதவீதம் விலகினால் சமாளிக்கலாம், அதற்குமேல் போனால் ஆளையும் டீசலையும் எவ்வளவு கொட்டினாலும் நடக்காது.

அந்த ஓரிரண்டு சதவீதம் எவ்வளவு சின்னது என்று ஒரு நாள் சைட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். உருட்டி முடித்தால் 20 சென்டிமீட்டர் வரும் ஓர் அடுக்கு, அதில் ஒரு சதுர மீட்டர். கன மீட்டருக்கு 1,850 கிலோ காய்ந்த எடை என்று வைத்தால் அந்தத் துண்டில் 370 கிலோ மண் இருக்கும். அதன்மேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 லிட்டர் தண்ணீர். பரப்பி உருட்டாமல் விட்ட மண் அதை முழுக்கக் குடித்துவிட்டால் ஈரம் ஏறத்தாழ 2.7 சதவீதம் ஏறிவிடும். குலசேகரத்தில் 10 மில்லிமீட்டர் என்பது ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்து மழை. ஆக, காலையில் சோதனையில் பாஸ் ஆன மண் மத்தியானம் ஃபெயில் ஆவதற்கு யாரும் தப்புச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் கலுங்கில் பதத்துக்குமேல் ஐந்து சதவீதமாவது ஈரம் இருந்திருக்கும் என்று இன்று நினைக்கிறேன். அப்படியானால் ஒவ்வொரு கன மீட்டர் மண்ணுக்குள்ளும் ஆறு குடம் தண்ணீரைச் சேர்த்து வைத்துப் புதைத்திருக்கிறோம்.

வெயில் காலமும் சும்மா இல்லை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், காற்றாலை சுற்றுகிற அந்தக் காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். லாரித் தண்ணீரை நடுமத்தியானம் அடித்தால் மேல்தோல்தான் நனையும், ரோலர் வருவதற்குள் அதுவும் காய்ந்துவிடும். கீழே கட்டிகள் கட்டிகளாகவே கிடக்கும், அவற்றுக்கு நடுவில் ஓட்டை ஓட்டையாகக் காற்று. உருட்டியவுடன் கல் மாதிரி நிற்கும், கம்பியால் தட்டினால் டங் என்று சத்தம் வரும், எல்லோரும் சந்தோஷப்படுவோம். முதல் பெருமழையில் கட்டி கரைந்து மொத்தமும் உள்ளே உட்காரும். ஈரமாகப் போட்டது சீக்கிரமே காட்டிக் கொடுத்துவிடும், காய்ந்து போட்டது மழைவரை காத்திருந்து கழுத்தறுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே முந்தின நாள் சாயங்காலமே மண் எடுக்கிற இடத்தில் தண்ணீர் விட்டு ராத்திரி முழுக்க ஊற வைத்து, விடிகாலையில் அள்ளிக்கொண்டு வந்து உருட்டினால்தான் சரியாக வரும். (கடலோரத்து மணல் வேறு சாதி. முட்டத்திலும் குளச்சலிலும் மழையைப் பார்த்து அவ்வளவு பயப்பட வேண்டாம், நன்றாக நனைத்து அதிர்வு கொடுத்தால் உட்கார்ந்துவிடும். அரைகுறை ஈரத்தில்தான் அது உப்பிக்கொண்டு ஏமாற்றும்.)

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. வைகாசிப் பாதிக்குமேல் தொடங்குகிற இடவப்பாதி ஒன்று, ஐப்பசியில் வருகிற துலாம் ஒன்று. வயலில் இறங்குகிறவன் அதைத் தெரிந்து கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்தை இரண்டு நெல் போகமாக வகுத்து வைத்திருக்கிறான். நாம் மட்டும் வேலை உத்தரவில் மாதக் கணக்கை மொத்தமாகப் போட்டு, பக்கத்தில் "மழைக்காலம் உட்பட" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். நான் கையில் வாங்கிப் பார்த்த உத்தரவு ஒன்று வைகாசிக் கடைசியில் வந்தது, கெடு கார்த்திகையில் முடிகிறது. அதாவது மண் வேலைக்கு ஆகாத மாதங்களாகப் பொறுக்கி எடுத்துக் கொடுத்த மாதிரி. மாசி, பங்குனி, சித்திரை என்று மண்ணுக்கு உகந்த நாட்களில் ஃபைல் மேஜையில் இருந்தது.

ஒப்பந்தக்காரர் என்ன செய்வார்? மழைக்காக நிறுத்தினால் தாமதத்துக்கு அபராதம். வாடகை ரோலர் சும்மா நின்றாலும் பணம். கெடுவை நீட்டிக் கேட்டால் மழை பெய்ததற்கு ஆதாரம் கேட்பார்கள், அவரிடம் இருப்பது நாகர்கோவிலில் எவ்வளவு மழை என்று பேப்பரில் வந்த செய்தி. நாகர்கோவிலில் வெயில் அடிக்கும்போது பேச்சிப்பாறையில் ஊற்றிக்கொண்டிருக்கும், இது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே. கடைசியில் அவர் மழையிலேயே உருட்டிவிடுவார். என்னைப் போல ஒருவன் குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பான். சேற்றில் உருட்டினால் பணம் கிடைக்கும், நிறுத்தினால் அபராதம் என்று இருக்கும்வரை ஒப்பந்தக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மண் நிரப்புகிற வேலை இருக்கிற ஒவ்வொரு உத்தரவிலும், ஈரம் பதத்தைத் தாண்டிய நாளில் மண் உருட்டக் கூடாது, அந்த நாள் கெடுவில் தானாகக் கூட்டிக்கொள்ளப்படும், அதற்கு அபராதம் கிடையாது என்று எழுதுங்கள். பதிவுக்கு சைட்டிலேயே ஒரு மழைமானி வைக்கச் சொல்லுங்கள், அது பெரிய செலவில்லை. ஈரம் பார்க்க லேபுக்கு அனுப்பி மறுநாள்வரை காத்திருக்கவும் வேண்டாம், கார்பைடு பொடி போட்டுக் குலுக்குகிற ரேபிட் மீட்டர் சில நிமிஷத்தில் சொல்லிவிடும். பெரும்பாலான ஒப்பந்தக்காரர்களிடம் அது பெட்டியில் பூட்டித்தான் கிடக்கிறது. ஒவ்வொரு அடுக்குக்கும் உருட்டும் முன் ஓர் எண், உருட்டிய பின் ஓர் எண், நோட்டில் இரண்டு பேர் கையெழுத்து. மேல் அடுக்கை மட்டும் தோண்டி, குழியில் மணல் ஊற்றி இறுக்கம் பார்க்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள், அந்த மேல் அடுக்கை வைத்து உங்களை எப்படி ஏமாற்றலாம் என்பதை மேலே நானே எழுதிவிட்டேன்.

"வருஷத்தில் பாதி மழை, அப்போது வேலையே நடக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நடக்கட்டும், மண்ணைத் தவிர மற்றதெல்லாம் நடக்கட்டும். ஓடை, பக்கச்சுவர், பெட்டிக் கலுங்கு எல்லாவற்றையும் தார்ப்பாய் கட்டிச் செய்துவிடலாம். மண் போட்டே தீர வேண்டும் என்றால் களி குறைந்த கிராவலோ பாறைப்பொடியோ போட அனுமதி கொடுங்கள், விலை வித்தியாசத்தை எஸ்டிமேட்டிலேயே காட்டுங்கள். அதைவிட முக்கியம் சாயங்காலம் நாலு மணி. அன்றைக்குப் பரப்பிய மண்ணை அன்றைக்கே உருட்டி, மழுமழுவென்று மூடி, நடு மேடும் ஓரம் சரிவுமாக விட்டுவிட்டுப் போனால் ராத்திரி பெய்கிற மழை முக்கால்வாசி வழிந்தோடிவிடும். கிளறி விட்ட மண்ணை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் காலையில் நாற்றங்கால்தான் இருக்கும். அப்படி நனைந்துபோன அடுக்கைக் கிளறிக் காயவிட வேண்டும், வெயில் இல்லையென்றால் சுண்ணாம்புத்தூள் கலக்கலாம், இரண்டும் முடியாவிட்டால் அள்ளி வெளியே கொட்ட வேண்டும். அதன்மேல் காய்ந்த மண்ணைப் போட்டு மூடுவது மட்டும் கூடாது.

நாஞ்சில் நாட்டுப் பக்கம் பழைய வயல்மேல் போடும் வேலைகளுக்கு இன்னும் ஒரு சங்கடம் உண்டு. அங்கே தண்ணீர் கீழேயிருந்தும் வரும். மேலே எவ்வளவு நல்ல பதத்தில் மண் போட்டாலும், ரோலர் அதிர அதிர அடியிலுள்ள சேறு மேலே ஏறும். முதலில் ஓர் அடுக்கு மணலோ உடைகல்லோ விரித்துத் தண்ணீருக்கு வழி விடாமல் அங்கே உருளையை இறக்கவே கூடாது. இது பல வரைபடங்களில் இருக்கிறது, சைட்டுக்கு வரும்போது காணாமல் போய்விடுகிறது, எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2021 நவம்பர் மழையில் மாவட்டம் முழுக்க எத்தனை சாலைக் கரைகள் கரைந்து போயின என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். அவ்வளவு வெள்ளத்தில் நன்றாக உருட்டிய கரையும் போகத்தான் செய்யும், எல்லாவற்றையும் ரோலர்மேல் போட நான் தயாரில்லை. ஆனால் வெள்ளம் வராத வருஷத்திலும், தூறல் மட்டும் போட்ட வருஷத்திலும் தாழ்ந்த இடங்கள் இருக்கின்றனவே, அவற்றைத்தான் கேட்கிறேன்.

இடவப்பாதி தொடங்குவதற்கு முன் உங்கள் மேஜையில் காத்திருக்கும் உத்தரவுகளில் ஒன்றையாவது எடுத்து, ஒரே ஒரு கலுங்கு வேலையில், இந்த மழைநாள் விதியைச் சேர்த்துப் பாருங்கள். மழைமானியை நான் என் செலவில் வாங்கித் தருகிறேன், தினமும் காலை எட்டரை மணிக்குப் போய் அளவைக் குறித்து வைக்கவும் தயார். ரேபிட் மீட்டரும் என்னிடம் ஒன்று இருக்கிறது. கார்பைடு பொடி மட்டும் பழசாகிவிட்டது, புதிசு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு சைட் சூப்பர்வைசர்