ஒற்றை ஆளுக்கு உலை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கு நலம். மாமாவும் பிள்ளைகளும் நலம்தானே?

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டிருந்தாய். சின்னவனும் படிக்கப் போகிற ஊரில் தனி அறை எடுக்கிறான் என்று எழுதியிருந்தாய். அதனால் விவரமாகவே எழுதுகிறேன், அவனுக்கும் உதவும்.

தனி ஆளுக்குச் சமைப்பதில் கைவேலை பெரிதல்ல. அளவும் மிச்சமும்தான் தொல்லை. இங்கே வேலை முடிந்து அறைக்கு வரும்போதே இருட்டிவிடுகிறது. அந்நேரத்தில் வெங்காயம் உரிப்பதிலிருந்து ஆரம்பிக்க யாருக்கும் மனசு வராது, பிஸ்கட் பொட்டலம்தான் கைக்கு எட்டும். ஆகவே விடுமுறை நாளில் பாதிச் சமையலை முடித்து வைத்துவிட வேண்டும். முழுச் சமையல் வேண்டாம். ஒரே குழம்பை நாலு நாள் வைத்துச் சாப்பிட்டால் மூன்றாம் நாளே அலுத்துவிடும், அப்புறம் வெளியே வாங்கத்தான் தோன்றும்.

பாதி என்றால் வதக்கல். அரை கிலோ வெங்காயம், அரை கிலோ தக்காளி, பத்துப் பன்னிரண்டு பல் பூண்டு, 3 மேசைக்கரண்டி எண்ணெய். வெங்காயத்தை மிதமான தீயில் 15 முதல் 20 நிமிடம் பொன்னிறமாகும்வரை வதக்கி, பூண்டைப் போட்டுப் புரட்டி, தக்காளியைச் சேர்த்துத் தண்ணீர் சுண்டி எண்ணெய் பிரியும்வரை விட வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஓரம் கருகும், நடுவில் பச்சை வாடை நிற்கும். உப்பு, காரம் எதுவும் இப்போது போடக்கூடாது. அப்போதுதான் ஒரு நாள் பருப்போடும், ஒரு நாள் முட்டையோடும், இன்னொரு நாள் காய்கறியோடும் சேர்த்து வேறு வேறு ருசியில் முடிக்கலாம். ஆறியதும் ஆறு பங்காக்கி, பைகளில் 2 செ.மீ. கனத்துக்குத் தட்டையாகப் பரப்பி, தேதி எழுதி ஃப்ரீசரில் வைத்துவிடலாம். கட்டியாக வைத்தால் உருகவே அரை மணி ஆகும், பசி அதுவரை காத்திருக்காது. பங்குக்கு அரை மேசைக்கரண்டி எண்ணெய் வந்துவிடுவதால் மறுபடி பாட்டிலைச் சாய்க்கவும் வேண்டாம். தனியாகச் சமைப்பவர்களுக்குக் கொழுப்பு கூடுவது பெரும்பாலும் அந்தச் சாய்ப்பில்தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது.

சோற்றில்தான் கவனம் அதிகம் வேண்டும். ஒரு வேளைக்கு 60 முதல் 75 கிராம் அரிசி போதும். அரிசியைப் பாதியாக்கினால் தண்ணீரையும் சரிபாதியாக்கலாம் என்று நினைத்தால் அடிபிடிக்கும். ஆவியாகிப் போகிற தண்ணீர் பாத்திரத்தின் அகலத்தையும் மூடியையும் பொறுத்தது, அரிசி குறைந்ததால் அது குறையாது. அகலமான பாத்திரத்தில் ஒரு பிடி அரிசி போட்டால் அடியில் தீயும், மேலே விறைக்கும். 16 செ.மீ. விட்டமுள்ள, இறுக்கமான மூடி உள்ள பாத்திரம் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்.

மறுநாளுக்கும் சேர்த்து வடித்தால், மிச்சத்தைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளே தீர்த்துவிட வேண்டும். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். அவை கொதியிலும் சாகாது. சோறு வெளியே கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. “காலையில் நன்றாகச் சுட வைத்துவிட்டேனே” என்பது இங்கே செல்லாது. மற்றச் சமைத்த பண்டங்கள் 5 டிகிரிக்குக் கீழே மூன்று நாள் தாங்கும்.

இன்னொரு பழக்கம்: சாப்பிட உட்காரும் முன்பே நாளைய பங்கை டப்பாவில் போட்டு மூடிவிடுவது. பாத்திரத்தோடு எதிரே வைத்துக்கொண்டால் இரண்டு பேர் பங்கும் உள்ளே போய்விடும்.

காய்கறியும் பழமும் சேர்ந்து நாளுக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முழுக் கோஸ் வாங்கினால் பாதி அழுகுகிறது என்று பலர் காயையே விட்டுவிடுகிறார்கள். அதற்கு உறைய வைத்த பட்டாணி, பீன்ஸ், கீரை வாங்கலாம். பறித்த சூட்டோடு உறைய வைப்பதால் சத்தில் பெரிய குறை இல்லை. உருகவிடாமல் நேரே சூடான சட்டியில் போட வேண்டும், உருகவிட்டால் கொழகொழத்துவிடும். புதுசாக வாங்குவதில் கீரையை முதல் இரண்டு நாளில் முடித்துவிட்டு, கேரட், கோஸைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

புரதத்துக்கு மெனக்கெட வேண்டாம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 50 கிராம். வேகாத பருப்பு 50 கிராமில் 12 கிராம் வரும், இரண்டு முட்டையில் இன்னொரு 12. மீதி தயிரிலும் தானியத்திலும் வந்துவிடும். ரொட்டியும் ஜாமும் ராத்திரிச் சாப்பாடாகும் நாளில்தான் கணக்கு உதைக்கும்.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் கொஞ்சம் குறைவு. உடனடி நூடுல்ஸ் ஒரு பொட்டலமே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். மசாலாப் பொட்டலத்தில் பாதியைக் கொட்டிவிட்டு ஒரு பிடி பட்டாணியும் முட்டையும் சேர்த்தால் பரவாயில்லை.

சின்னவன் அறையில் ஃப்ரீசர் இருக்கிறதா என்று கேட்டு எழுது. வெறும் ஃப்ரிட்ஜ்தான் என்றால் வதக்கலைப் பாதி அளவில் செய்து மூன்று நாளுக்குள் முடிக்க வேண்டும். அப்போது வாரத்துக்கு இரண்டு முறை அடுப்பில் நிற்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உன் தம்பி