ஒற்றை அணுவுக்கு எத்தனை கெல்வின்? இயற்பியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பாடநூல் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

"வெப்பநிலை என்பது துகள்களின் சராசரி இயக்க ஆற்றலைக் குறிக்கும் அளவு" என்ற வரி பதிப்புக்குப் பதிப்பு அப்படியே வருகிறது. கோடி கோடியாகத் துகள்கள் உள்ள ஒரு மோல் வாயுவுக்கு அது போதும். ஆனால், வெளியோடு தொடர்பே இல்லாத பெட்டிக்குள் ஒரே ஓர் அணு ஓடுகிறது, அதன் வெப்பநிலை என்ன என்று ஒரு மாணவி கேட்டால்?

தனித்த அமைப்பில் ஆற்றல் மாறாது. அந்த ஆற்றலைக் கொஞ்சம் கூட்டினால் நுண்நிலைகள் (துகள்களின் இடமும் வேகமும் அமையக்கூடிய வெவ்வேறு விதங்கள்) எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதை வைத்துத்தான் அங்கே வெப்பநிலையைச் சொல்ல முடியும். நிலைகளை எண்ணுவதில்தான் தகராறு. போல்ட்ஸ்மன் பெயரில் வழங்கும் முறை, அந்த ஆற்றலை ஒட்டிய நிலைகளை மட்டும் எண்ணுகிறது. கிப்ஸ் முறை, அதற்குக் கீழே உள்ளவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. 100 அணுக்கள் உள்ள நல்லியல்பு வாயுவில் (அணுக்கள் ஒன்றையொன்று ஈர்க்காததாகக் கொள்ளும் எளிய மாதிரி) இரண்டு விடைகளும் 1 சதவீதம்கூட விலகுவதில்லை. ஒற்றை அணுவிலோ போல்ட்ஸ்மன் விடை கிப்ஸ் விடையைப் போல 3 மடங்கு! அந்த அணுவை ஒரே கோட்டில் மட்டும் ஓடவிட்டால் போல்ட்ஸ்மன் விடை சுழிக்குக் கீழே போய்விடும். கிப்ஸ் முறைதான் சரி என்று டங்கெல், ஹில்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2014-இல் எழுதியதும் பலர் மறுத்து எழுதினார்கள். என்னைக் கேட்டால், இத்தனை சிறிய அமைப்புக்கு ஒரே எண்ணைக் கேட்பதே அதிகம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். 147 சோடியம் அணுக்கள் கொண்ட கொத்து ஒன்றை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டார்கள். உருகும் கட்டத்தில் ஆற்றலை ஏற்றினால் அதன் வெப்பநிலை இறங்குகிறது. பெரிய கட்டியில் திண்மமும் திரவமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அவற்றுக்கு நடுவே ஓர் எல்லையை வைத்திருக்கும் ஆற்றல் செலவு சின்னக் கொத்துக்குக் கட்டுபடியாகாது. அதனால் பாதி உருகி நிற்காமல் முழுதாக உருகுகிறது. அதற்கான ஆற்றலில் ஒரு பகுதியை அணுக்களின் ஓட்டத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

சரி, மின்காந்தப் புலங்களால் ஆன பொறியில் பிடித்த ஒற்றை அயனிக்கு (மின்னூட்டம் கொண்ட அணுவுக்கு) மில்லிகெல்வின் கணக்கில் வெப்பநிலை சொல்கிறார்களே? அது ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து, கிடைத்த ஆற்றல்களின் பரவலைப் பார்த்துச் சொல்வது. ஒரு தடவை அளந்து சொல்வதில்லை.

அடுத்த பதிப்பில் அந்த வரியோடு "துகள்கள் மிகப் பலவாக இருக்கும்போது" என்று சேருங்கள். சோடியம் கொத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். பயிற்சியில் "300 கெல்வினில் உள்ள ஒரு மூலக்கூறின் வேகம் என்ன?" என்று இனிக் கேட்காதீர்கள்; 300 கெல்வினில் உள்ள வாயுவில் மூலக்கூறுகளின் வேகம் எப்படிப் பரவியிருக்கும் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நூல்களைப் படித்து வளர்ந்த ஒருவர்