இரவு எட்டு மணிக்கு ஒரு ஆளை அனுப்புங்கள்

எங்கள் தெருவுக்கு ஃபைபர் இணைப்பு தரும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

இரவு எட்டு மணியானால் எங்கள் வீட்டு இணையம் சீராக வராமல் தடுமாறுகிறது என்று நான் கொடுத்த புகாரைப் பற்றித்தான் எழுதுகிறேன். திங்கட்கிழமை காலை 11.40க்கு அதை நான்காவது முறையாக மூடிவிட்டீர்கள். "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, நன்றி" என்று குறுஞ்செய்தி வந்தபோது நான் காய்கறிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டேன். யாரும் வரவில்லை என்றார் அம்மா. பத்தரைக்கு உங்கள் லைன்மேன் தம்பி மட்டும் என்னைக் கூப்பிட்டிருந்தார். "அண்ணே, ஓடிபி வந்திருக்கும், அதை மட்டும் சொல்லிருங்க. சாயங்காலத்துக்குள்ள வந்து பார்த்துர்றேன்." சொல்லிவிட்டேன். அந்த எண்ணைப் போட்டால் வேலை முடிந்ததாகக் கணக்கு, புகார் மூடிவிடும். என் தப்புதான்.

அந்தத் தம்பியைப் பற்றிப் புகார் சொல்ல இதை எழுதவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை புகாரை மூடியாக வேண்டும் என்று அவர் தலையில் கட்டியது யார் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொட்டுகிற மழையில் கம்பத்தில் ஏணியைச் சாத்தி, அறுந்த ஃபைபரை ஒட்டவைத்துவிட்டு, ஒரு டீகூடக் குடிக்காமல் அடுத்த தெருவுக்கு ஓடுகிறவர் அவர். என் கோரிக்கை உங்களிடம்தான், அதுவும் ஒன்றே ஒன்று. இரவு எட்டு மணிக்கு ஒரு ஆளை அனுப்புங்கள். காலை பதினொன்றுக்கு வேண்டாம்.

ஏன் எட்டு மணி என்று நான்கு புகாரிலும் எழுதியிருந்தேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. உங்கள் செயலி தரும் பட்டியலில் "இணையம் வரவில்லை", "இணையம் மெதுவாக உள்ளது" என்று இரண்டுதான் இருக்கின்றன. என் புகார் இரண்டிலும் சேராது. இணையம் வருகிறது, வேகமும் இருக்கிறது. அப்புறம் என்ன என்று கேட்பீர்கள். அதற்கு எங்கள் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு 74 வயது. மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஷிஃப்டு முடிந்ததும் மில்லின் மனமகிழ் மன்றத்துக்குப் போய் டேபிள் டென்னிஸ் ஆடிவிட்டுத்தான் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வருவார். அக்கா குடும்பம் லண்டனில் இருக்கிறது. போன விடுமுறைக்கு வந்தபோது அக்கா ஒரு வி.ஆர். ஹெட்செட்டை, அதாவது கண்ணில் மாட்டிக்கொண்டால் வேறோர் இடத்தில் நிற்பது போலவே காட்டும் கருவியை, கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அங்கே பேரனிடம் இன்னொன்று இருக்கிறது. ஞாயிறு இரவு எட்டு மணி என்பது அவர்களுக்குப் பிற்பகல் நேரம். தாத்தாவும் பேரனும் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் நின்று ஆடுவார்கள். அப்பாவுக்கு மேசை எங்கள் முன்னறையில் இருக்கிறது, அவனுக்கு லண்டனில். முதல் நாள் ஆட்டம் முடிந்ததும் அப்பா பழக்கதோஷத்தில் மட்டையை மேசைமேல் வைத்தார். மேசை ஏது? மட்டையாகக் கையில் பிடித்திருந்த கன்ட்ரோலர் தரையில் விழுந்து உருண்டது. வி.ஆருக்கு இதைவிடப் பெரிய நற்சான்றிதழை எந்த நிபுணரும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

போன ஞாயிறு ஆட்டம் 9-9இல் இருந்தது. பேரன் சர்வ் போட்டான். பந்து வலைக்கு மேலே அந்தரத்தில் அப்படியே நின்றது. அப்பா மட்டையைத் தூக்கியபடி காத்திருந்தார். திடீரென்று பந்து அங்கே மறைந்து, இவருடைய இடது முழங்கைப் பக்கம் முளைத்தது. பழைய ஆட்டக்காரர் அல்லவா, விட மனசு வரவில்லை. பாய்ந்தார். சுவரை நெருங்கினால் ஹெட்செட் கட்டம் போட்டு எச்சரிக்கும், போட்டிருக்கும். பந்தைப் பார்க்கிறவர் கட்டத்தையா பார்ப்பார்? ஷோகேஸ் கண்ணாடியில் கை மோதி, கண்ணாடி விரிசல் விட்டது. விரல் முட்டியில் தோல் உரிந்துவிட்டது. பேரனின் குரல் விட்டு விட்டு வந்தது: "தாத்தா... ஏமாத்... தாத்தா..." அவன் ஹெட்செட்டில் தாத்தா சிலை மாதிரி நின்றிருந்திருக்கிறார்.

அப்பா ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நெற்றியில் அது அழுத்திய தடம் அப்படியே இருந்தது. "கைக்கு வேகம் குறைஞ்சு போச்சுடா" என்றார். உங்க கை இல்லப்பா, நம்ம லைன் என்று சொன்னேன். லைனைத்தான் சரி பண்ணிட்டதா மெசேஜ் வந்துச்சே என்றார். உங்கள் குறுஞ்செய்தியை நம்புகிற கடைசி மனிதர் அவர்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். தலைசுற்றலுக்கோ குமட்டலுக்கோ உங்களைப் பொறுப்பாக்க மாட்டேன். தலையைத் திருப்பினால் காட்சியும் 20 மில்லி விநாடிக்குள் திரும்பியாக வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றைப் புரட்டும். அந்த வேலையை ஹெட்செட்டே பார்த்துக்கொள்கிறது. உங்கள் கம்பி வழியாகப் போவது பந்து எங்கே, மட்டை எங்கே, யார் என்ன பேசினார்கள் என்பது மட்டும்தான். அதற்கு ஒரு எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு ஒரு மெகாபிட் வேகம், இருந்தாலே தாராளம். நீங்கள் எனக்கு விற்றிருப்பது நூறு. (நூறு எம்பிபிஎஸ் எடுத்திருக்கிறேன் என்று முதலில் சொன்னபோது, "நூறு டாக்டரா?" என்று கேட்டவர் அப்பா.)

லண்டன் தூரம் என்பதும் தெரியும். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். சென்னையிலிருந்து லண்டன் நேர்கோட்டில் சுமார் 8,200 கி.மீ. போய்த் திரும்ப 80 மில்லி விநாடிக்கு மேல் ஆகியே தீரும். கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, அதனால் காலையில் எனக்கு 150 சொச்சம் காட்டுகிறது. இதில் பெரும்பகுதியை யாராலும் குறைக்க முடியாது, நான் கேட்கவும் இல்லை. அப்பா அந்தத் தாமதத்துக்குப் பழகிக்கொண்டார், கொஞ்சம் முன்னதாகவே மட்டையை வீசுகிறார். 2024இல் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோதுகூட உங்களை ஒரு வார்த்தை கேட்டேனா? கடலுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்!

ஆனால் இரவு எட்டு மணிக்கு அந்த 150 என்ன ஆகிறது தெரியுமா? 160, 410, 180, 620, இரண்டு பாக்கெட் (தரவுத் துணுக்கு) காணோம், மறுபடி 170. ஒரே சீராக 300 என்றால்கூடப் பழகிக்கொள்வார். இது அடுத்த படி எங்கே என்று தெரியாத மாடிப்படி மாதிரி இருக்கிறது.

இதே நேரத்தில் எங்கள் வீட்டு டிவியில் 4கே படம் பளிச்சென்று ஓடும். உங்கள் ஆட்கள் ஒவ்வொரு முறையும் கேட்பது இதைத்தான்: "டிவி நல்லாத்தானே ஓடுது சார்?" ஓடும். டிவிக்கு மேல்நிலைத் தொட்டி இருக்கிறது. படத்தின் அடுத்த அரை நிமிடத்தை முன்கூட்டியே இழுத்து நிரப்பி வைத்துக்கொள்கிறது. குழாயில் தண்ணீர் பத்து விநாடி நின்று வந்தாலும் வீட்டுக்குள் யாருக்கும் தெரியாது. வி.ஆருக்கு அந்தத் தொட்டி கிடையாது. பேரன் இன்னும் அடிக்காத பந்தை எப்படி முன்கூட்டியே நிரப்பி வைப்பது? குழாயடியில் நேரே குடம் பிடிக்கிற கதை அது. டிவி ஓடுகிறது என்பதை வைத்து லைன் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்கள் எல்லாவற்றையும் நானே சோதித்துப் பார்த்துவிட்டேன். வைஃபை கோளாறு என்பீர்கள். மடிக்கணினியை ரவுட்டரில் கேபிள் வைத்துச் செருகிப் பார்த்தேன், அதே கதைதான். ஃபைபர் எங்கோ மடங்கியிருக்கும் என்பீர்கள். உங்கள் பெட்டியின் அமைப்புப் பக்கத்திலேயே உள்ளே வரும் ஒளியின் அளவு மைனஸ் 19 டிபிஎம் என்று காட்டுகிறது, காலையிலும் இரவிலும் அதே 19தான். நல்ல அளவு அது, உங்கள் தம்பியே சொன்னார். வீட்டுக்குள்ளேயே நாங்கள் அதிகம் பயன்படுத்துகிறோம் என்பீர்கள். ஒரு வாரம் எட்டு மணிக்கு டிவியை அணைத்து, எல்லாப் போனையும் வைஃபையிலிருந்து கழற்றி வைத்து அளந்தேன். அந்த ஒரு வாரம் அம்மாவின் சீரியலில் யார் யாரை வீட்டை விட்டுத் துரத்தினார்கள் என்று எங்கள் வீட்டில் இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது. அம்மா என்னோடு சரியாகப் பேசுவதும் இல்லை. அளவு மட்டும் மாறவில்லை.

தரவு போகும் வழித்தடத்தைப் பார்த்தால் என் ரவுட்டரைத் தாண்டி உங்களுடைய முதல் கருவியிலேயே தாமதம் ஏறுகிறது. தாமதத்தை அளக்க நாம் அனுப்பும் பிங்குக்குப் பதில் சொல்ல அந்தக் கருவி சோம்பல்படும் என்று ஒரு வாதம் உண்டு, நியாயமான வாதம்தான். ஆனால் அதற்கு அப்பால் உள்ள எல்லா நிலையத்திலும் அதே ஏற்றம் தொடர்கிறது. ஆக, கூட்டம் எங்கள் ஊருக்குள்ளேயே நிற்கிறது. நீங்கள் போட்டிருப்பது ஜிபான், அதாவது ஒரே ஃபைபரைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் முறை, என்று உங்கள் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. அதில் கீழே வரும் பாதை சுமார் 2.5 ஜிபிபிஎஸ், மேலே போகும் பாதை அதில் பாதி. அதைத் தெருப்பெட்டியில் ஸ்பிளிட்டர் வைத்து 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிக்கிறீர்கள். பிரிப்பது தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் இத்தனை தெருவையும் சேர்த்து ஊருக்கு வெளியே கொண்டுபோகும் பாதை எத்தனை அகலம் என்பதை என்னால் இங்கிருந்து பார்க்க முடியாது. உங்களால் முடியும். எட்டு மணிக்குப் பார்த்தால் தெரியும். பதினொன்றுக்குப் பார்த்தால் எல்லாப் பாதையும் காலியாகத்தான் இருக்கும். திருவிழாவுக்கு மறுநாள் தேரடியில் நின்று நெரிசலே இல்லையே என்கிற மாதிரி.

அப்புறம் அந்த வேகச் சோதனை. உங்கள் செயலிக்குள் இருக்கும் சோதனை எப்போது போட்டாலும் 100 காட்டுகிறது, எட்டு மணிக்கும் 98. உங்கள் வலைப்பின்னலுக்குள்ளேயே இருக்கும் சர்வரைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் வேறென்ன காட்டும்? மாணவரே விடைத்தாள் திருத்துகிறார்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னிக்கவும். மாதம் 799 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 942 ரூபாய் 82 காசு. இதற்கு நீங்கள் இலவசமாகத் தருவது பதினாலு ஓடிடி. அதில் எங்கள் வீட்டில் இரண்டைப் பார்க்கிறோம். மீதிப் பன்னிரண்டும் டிவியின் முகப்பில் வரிசையாக நின்று விளம்பரம் காட்டுகின்றன. நான் இவற்றுக்கெல்லாம் எதிரி இல்லை. புதிதாக எது வந்தாலும் முதல் ஆளாகப் போய் ஏமாறுகிறவன் நான். 3டி டிவி வந்தபோது வாங்கினேன். 2017இல் எல்ஜியும் சோனியும் அதைக் கைவிட்டன. அதற்காகக் கண்ணில் மாட்டும் மூக்குக்கண்ணாடிகள் நான்கும் இப்போது விரிசல் விட்ட அதே ஷோகேஸில்தான் இருக்கின்றன. அதனால் வி.ஆரும் ஒருநாள் ஷோகேஸுக்குப் போகலாம், எனக்குத் தெரியும். அதுவரை அப்பா ஆடட்டுமே என்கிறேன். பன்னிரண்டு ஓடிடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு அந்தக் காசில் ஊருக்கு வெளியே போகும் பாதையைக் கொஞ்சம் அகலமாக்க முடியுமா? சீரான இணைப்பை எந்தத் திட்டத்திலும் நீங்கள் விற்பதில்லை. 100, 200, 300 என்று அகலத்தை விற்கிறீர்கள். சீராக வரும் என்று ஒரு திட்டம்கூட இல்லை. உங்கள் விளம்பரத்தில் வரும் குடும்பம் எதைப் பார்த்து அப்படிச் சிரிக்கிறது என்றும் விளங்கவில்லை, சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள், கையில் ரிமோட்கூட இல்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன். பணிவாகவே கேட்கிறேன்.

பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 2 எம்பிபிஎஸ் என்று 2023இல் மத்திய அரசு தரத்தை உயர்த்தியது. அதுவரை 512 கேபிபிஎஸ்தான் கணக்கு. 2024 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் சேவைத் தர விதிகளில் தாமதம், பாக்கெட் இழப்பு, அவற்றோடு தாமதம் ஏறி இறங்குகிற ஜிட்டர் எல்லாமே அளவுகோலாக இருக்கின்றன. அதாவது நான் கேட்பது வி.ஆர். பைத்தியத்தின் ஆடம்பரம் இல்லை. எங்கள் எதிர்வீட்டுப் பெண் இரவில் அமெரிக்க அலுவலகத்தோடு வீடியோ அழைப்பில் உட்காருகிறாள், அவள் முகமும் எட்டு மணிக்கு உறைந்துதான் நிற்கிறது. அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை, கேமராவை அணைத்துவிடுகிறாள். உங்கள் நிறுவனத்திலேயே மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருப்பதும் தெரியும். அவருக்கு எழுதும் முன் உங்களிடம் இன்னொரு முறை கேட்டுவிடலாம் என்றுதான் இந்த மடல்.

வருகிற ஞாயிறு, இரவு எட்டு மணிக்கு ஒரு ஆளை அனுப்புங்கள். அந்தத் தம்பியே வந்தாலும் சரி. கூடுதல் நேரத்துக்கு அவருக்குச் சம்பளம் கொடுத்து அனுப்புங்கள். கையில் அளக்கும் கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, என்னிடம் மூன்று வாரக் கணக்கு நாள், நேரம் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். அம்மா டீ போட்டுத் தருவார், சீரியல் ஓடாத நேரம் பார்த்து. அப்பா ஆடுவதைப் பத்து நிமிடம் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள், பந்து எங்கே நிற்கிறது என்று அப்பாவே வாயால் சொல்லிவிடுவார்.

ஐந்தாவது புகாரை இன்று காலை பதிந்துவிட்டேன். அதற்கான ஓடிபி போனில் வந்திருக்கிறது. இந்த முறை பந்து நிற்காமல் மேசையைத் தாண்டி வந்த பிறகு தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ராஜபாளையம்